சாமி படத்துக்குக் கீழே திராட்சை டானிக்

உறையூரில் என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டில் சாராயம் என்ற சொல்லே ஆகாது. மதுவிலக்குக் கூட்டம் எங்கே நடந்தாலும் அவள் மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில்தான், சாமி படத்துக்குக் கீழே, திராட்சைக்குலை படம் ஒட்டிய புட்டி ஒன்று இருந்தது. மருந்துக்கடையில் வாங்கியதாம். அதனால் அது டானிக்.

தங்கை முதல் பிள்ளையைச் சுமந்தபோது, ரத்தம் ஊறும் என்று மாமியார் காலையும் மாலையும் ஊற்றிக் கொடுத்தார். குடித்ததும் அவள் முகம் சிவக்கும். பகலெல்லாம் தூங்கி வழிவாள். நான் மோந்து பார்த்தேன். நெடி மூக்கில் ஏறியது.

“அத்தை, சாராய வாடை அடிக்குதே!”

“அஞ்சாங்கிளாஸோட நின்னவ மருந்துக்கடைக்காரருக்குப் பாடம் சொல்ல வந்துட்டா. ஏம்மா, நீ கவலைப்படாத விஷயம் ஒண்ணாவது இருக்கா?”

இல்லைதான். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வரும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வேன். அதற்காக என் மூக்குமா பொய் சொல்லும்?

பெண் பிறந்தது, கைக்குள் அடங்கும் அளவுக்கு. நடை தாமதம், பேச்சு தாமதம். ஸ்கூலில் சேர்த்த பிறகு, காலையில் சொல்லிக் கொடுத்த எழுத்து சாயங்காலம் அவளிடம் இருக்காது. தங்கை கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றார்கள். என் வாய் பலித்துவிட்டது என்றார்கள். புட்டியை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதுதான் காரணமென்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியாது. பிள்ளை சுமக்கும்போது மது துளியும் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிக் கேட்டது எத்தனையோ வருஷம் கழித்து. அப்போது என்னிடம் இருந்தது பயம் மட்டுந்தான்.

தங்கை மறுபடி உண்டானாள். போய்ப் பார்த்தால், அதே இடத்தில் புதுப் புட்டி!

“வேண்டாம்னு சொல்லேன்டி” என்றேன்.

“சொன்னா யாரு கேக்குறா அக்கா?” என்று அழுதாள்.

அன்று ஏகாதசி. பெருமாளைச் சேவித்துவிட்டு வெறும் வயிற்றோடு வெயிலில் வந்த அவள் மாமனார், தளர்ந்துபோய்ச் சாய்ந்தார். அந்தப் புட்டியிலிருந்தே டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினேன்.

“விரதம்மா.”

“மருந்துக்கு ஏது விரதம் மாமா? புள்ளத்தாச்சிக்கே குடுக்கிறாங்க. இல்லீங்களா அத்தை?”

அத்தை வேறு வழியில்லாமல் தலையாட்டினார். மாமா ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரத்தில் காது சிவந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னடி, ரெண்டு பேரா நிக்கிற? ஒருத்தியையே என்னால தாங்க முடியல!”

பிறகு அவருக்கே உறைத்தது. டம்ளரை மோந்தார். புட்டியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“இந்தக் கருமம் இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது!”

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் என் பக்கம் திரும்பினார்.

“ஏகாதசியும் அதுவுமா எனக்குச் சாராயம் ஊத்திக் குடுத்தியே, நல்ல குடும்பத்துப் பொண்ணா நீ?”

“அதானே! நல்லாக் கேளுங்க!” என்று அத்தையும் சேர்ந்துகொண்டார்.

பதில் பேசினால் அடுத்த புட்டி வந்துவிடுமோ என்று பயம். மூத்தவள் கவுன் பொத்தானைப் போடத் தெரியாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். போட்டுவிட்டுக்கொண்டே திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.