அய்யா போட்ட பூட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், நான் தென்காசியில் பள்ளி இறுதி வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்களுடையது நெல் விவசாயக் குடும்பம். அதில் அந்தப் பரீட்சை வரை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான்தான். தேறினால் திருநெல்வேலியில் காலேஜ். தேறாவிட்டால் மாட்டுக்குப் பின்னால் நடக்க வேண்டியதுதான். எனக்குக் காலேஜ் ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. கணக்கு மட்டும் வருவேனா என்றது.

என் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். பரீட்சை நெருங்கியபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பங்குனியில் குற்றாலத்தில் ஈ காக்கை இருக்காது. அருவி வற்றிப்போய், சாரல் காலத்துக்கு வாடகைக்கு விடும் வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். தெரிந்தவரிடம் அப்படி ஒரு வீட்டைக் கேட்டு வாங்கி, என்னையும் புத்தகங்களையும் உள்ளே விட்டு, வெளியே பூட்டுப் போட்டார்.

“ஏலே, இங்கன ஒன்னைக் கெடுக்க ஒரு ஆளும் கெடையாது. படி.”

காலையில் வண்டியில் கொண்டுவந்து விடுவார். பொழுது சாயும்போது வந்து திறப்பார். மத்தியானத்துக்கு அம்மா கட்டிக் கொடுத்த சோறு, ஞாபகசக்திக்கு என்று தினமும் வல்லாரைத் துவையல். கடைசியில் எனக்கு ஞாபகத்தில் நின்றது வல்லாரை மட்டும்தான். பூட்டுகிற சத்தம் கேட்டதுமே என் புத்தி வெளியே போய்விடும். குரங்குகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்க்கும்.

ஒரு நாள் மலையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் அருவியின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று காதில் விழுந்தால் போதும், தென்காசிக்காரன் கல்யாண வீட்டையும் விட்டுவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பிவிடுவான். எங்கள் சொந்தக்காரர்களுக்கோ ஓசியில் ஒரு வீடும் இருக்கிறதே! மத்தியானத்துக்குள் வாசலில் வண்டிகள் வந்து நின்றன.

அய்யாவின் தங்கை, என் அத்தை, பூட்டைப் பார்த்ததும் கூப்பாடு போட்டாள். “ஐயையோ, பிள்ளையப் பூட்டி வச்சிருக்காகளே! இது வீடா, ஜெயிலா?” ஜன்னல் வழியாக முறுக்கு வந்தது. தாய்மாமா ஈரத் துண்டோடு வந்து அல்ஜீப்ராவில் கேள்வி கேட்டார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. நான் உளறியதற்கெல்லாம் “சரிதான்” என்று மார்க் போட்டார்.

அந்த நேரம் பார்த்து அய்யா வந்தார். அத்தை முறுக்குத் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பிறகுதான் கவனித்தோம்: இடுப்பில் துண்டு, உச்சந்தலை முதல் கால்வரை எண்ணெய் மினுங்குகிறது. அவரும் குளிக்கத்தான் வந்திருக்கிறார்!

“ஏன் அண்ணே, நீங்களும் பரீட்சைக்கா வாறீக?” என்றாள் அத்தை. வாசல் முழுக்கச் சிரிப்பு. அய்யாவும் சிரித்தார். கம்பிக்குப் பின்னால் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“எனக்கே வயக்காட்டுல இருப்புக் கொள்ளலையே. நீ உள்ள கெடந்து என்னலே படிச்சிருப்பே?”

பூட்டைத் திறந்து என்னையும் அருவிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் சாவியை என் கையில் வைத்தார்.

“படிக்கப் போறது நீ. எப்பம் பூட்டணும், எப்பம் தொறக்கணும்னு நீயே பாத்துக்கோ. சோறும் வண்டியும் என் பொறுப்பு.”

மறுநாளும் அருவி இரைந்தது. எனக்கோ பயம் வந்துவிட்டது. இனி தேறாவிட்டால் பழி போட ஆள் இல்லையே! நானே உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கணக்கோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. “ஏலே, தொறக்கியா, இன்னும் இருக்கா?”

“இன்னும் ஒரு கணக்கு இருக்கு, அய்யா.”

ஊரையே அதட்டி வேலை வாங்கும் மனுஷர், நான் திறக்கும்வரை மாட்டைத் தட்டிக் கொடுத்தபடி வாசலிலேயே நின்றார்.

நான் தேறினேன், காலேஜும் போனேன். அதற்குக் காரணம் வல்லாரைதான் என்றாள் அம்மா. முறுக்குதான் என்றாள் அத்தை. பின்னாளில் என் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தபோது, உள்ளே நுழைந்து ‘என்ன படித்தாய்’ என்று கேட்கக் கால் பரபரக்கும். அப்போதெல்லாம் அந்த ஒரு கணக்குக்காக வாசலில் காத்து நின்ற அய்யாவை நினைத்துக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு நானும் வெளியிலேயே நின்றேன்.