பதினொரு முழங்கால்கள்

ஜப்பானின் நீகாதாவில் ஒரு பம்பு கம்பெனியின் பெண்கள் வாலிபால் அணியில் ஹிசானோ மொரோசுமியும் நானும் ஆறு வருஷம் சேர்ந்து ஆடினோம். காலையில் கம்பெனி வேலை, மதியத்துக்கு மேல் பயிற்சி. நாளொன்றுக்கு முந்நூறு முறை தாவ வேண்டும். விழுந்து கால் கெட்டவர்கள் எங்களில் யாருமில்லை. தாவித் தாவியே கெட்டது. முழங்கால் சில்லுக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் வலி ஆரம்பிக்கும். பிறகு அங்கேயே குடித்தனம் நடத்தும். விடுதிப் படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவோம். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வோம்.

பயிற்சியாளர் கன்பாராவிடம் போனால் ஒரே பதில்தான். "வலிக்காத முழங்கால் வாலிபால் ஆடுற முழங்காலே இல்லம்மா. டேப்பைச் சுத்திட்டு வா."

ஒரு பிப்ரவரி காலையில், புதிதாகச் சேர்ந்த ரிக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கினாள். ஹிசானோ பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"எல்லாருக்கும் இருக்கறதுதானே அக்கா," என்று ரிக்கா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் ஹிசானோவால் தாங்க முடியவில்லை. பயிற்சி தொடங்கும் முன் எல்லார் எதிரிலும் கேட்டாள்: "இன்னைக்குப் படியில நேரா இறங்கினவங்க கை தூக்குங்க."

பதினான்கு பேரில் மூன்று கைகள்தான் உயர்ந்தன.

"பாத்தீங்களா சார்? பதினொரு பேருக்கு ஒரே இடத்துல வலி. இது சகஜமா, இல்ல நீங்க பண்ற அநியாயமா?"

"முடியலைன்னா ஊருக்குக் கிளம்பு. உன் இடத்துக்கு ஆளா இல்ல?"

"கிளம்ப மாட்டேன். தாவவும் மாட்டேன்."

வலைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ரிக்காவும் போய் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. அன்றும் முந்நூறு தாவினேன். என்மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஒரே வாரத்தில் ஹிசானோவை அணியிலிருந்து தூக்கி, நாளெல்லாம் நின்றபடி பெட்டி கட்டும் பிரிவில் போட்டார்கள். அவள் விடவில்லை. கம்பெனி மருத்துவரிடம் பதினொரு பேரையும் இழுத்துப் போனாள். அவர் கண்டித்து எழுதியதில் தாவல் நூற்றிருபதாகக் குறைந்தது. ரிக்காவின் கால் பிழைத்தது. ஹிசானோவின் தசைநார் அதற்குள் நைந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவளால் ஆட முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, வீராங்கனைகளின் முழங்காலைக் காத்தவர் என்று கன்பாராவைப் புகழ்ந்து பத்திரிகையில் செய்தி வந்தது. ஹிசானோ அதை எடுத்துக்கொண்டு, நாங்கள் பயிற்சி செய்துகொண்டிருந்த மைதானத்துக்கு நேரே வந்தாள்.

"பழசை எதுக்குக் கிளர்றே?" என்றார் அவர்.

"எனக்கு இன்னும் வலிக்குது சார். அது எப்படிப் பழசாகும்?"

அவர் குனிந்து ஏதோ முனகினார். மன்னிப்பு மாதிரிதான் இருந்தது.

"எனக்குக் கேக்கல. இவங்களுக்கும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

அவர் விசிலை எடுத்து, பயிற்சியைத் தொடரச் சொல்லி ஊதினார். ஹிசானோ பத்திரிகையை அவர் நாற்காலியில் விட்டெறிந்துவிட்டு வெளியேறினாள்.