இல்லாத லேபுக்கு ஒரு போர்டு

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாடிக்கையாளரின் பெயரை ஏஐயிடம் சொன்னால், அது நேராக அவரிடமே போய், "உங்க வெப்சைட்டை எழுதுவது அந்த ஆள் இல்லை, நான்தான். நடுவில் அவர் எதற்கு?" என்று போட்டுக்கொடுத்துவிடும் என நம்பினேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு. இருந்தும் நம்பினேன்.

லேப்டாப்பின் கேமரா மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தேன். வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தால் மூடியைச் சாத்திவிட்டு மாடிப்படிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினேன். கீழே செல்போன் கடை வைத்திருப்பவர் எனக்கு ஏதோ கள்ளத்தொடர்பு என்று முடிவுகட்டி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தினுசாகச் சிரிக்க ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை. ஏஐக்குப் பயந்து ஒளிகிறேன் என்று சொல்வதற்கு இது எவ்வளவோ கௌரவம்.

திருவள்ளூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மாடியில் ஓர் அறை, அதுதான் என் ஆபீஸ். கும்மிடிப்பூண்டி பக்கத்துச் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு வெப்சைட் செய்து தருவேன். இணையத்தில் தேடினால் அவர்கள் பெயர் மேலே வருவதற்கு வேண்டியதைச் செய்வேன். ஆயுதபூஜைக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துப் படம் அனுப்புவேன். அந்தப் படத்தில் சாமியைவிட லோகோ பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் முதலாளிகள்தான் என் உலகம்.

வெப்சைட்டில் 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் வரும். அதற்கு என்னிடம் ஒரே ஓர் இங்கிலீஷ் கட்டுரைதான் இருந்தது. பெயரை மட்டும் மாற்றி ஒன்பது கம்பெனிகளுக்குப் போட்டிருக்கிறேன். ஒருமுறை மாற்ற மறந்து, ஓர் அரிசி ஆலையின் பக்கத்தில் 'எங்கள் வால்வுகள் ஒருபோதும் ஒழுகாது' என்று நின்றுகொண்டிருந்தது. ஆறு மாதம் யாரும் கவனிக்கவில்லை, முதலாளி உட்பட. அந்தப் பக்கத்தை மனிதர்கள் படிப்பதில்லை என்பது அன்றிலிருந்து என் தொழில் கொள்கை ஆனது.

இந்த நிலையில்தான் ஐந்து நிமிடத்தில் வெப்சைட் என்று விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நம்ம பொழப்பு போச்சு" என்றேன்.

மனைவி தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். "ஃப்ளெக்ஸ் பேனர் வந்தப்பவும் இத்தையேதான் சொன்ன. மொதல்ல சாப்புடு" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அப்போது நான் ஸ்டிக்கர் வெட்டும் தொழிலில் இருந்தேன். இதே தட்டு, இதே வசனம்.

என் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஸ்லிங் செய்பவர். கிரேன் கொக்கியில் மாட்டிப் பளு தூக்குகிற இரும்புக் கம்பி வடத்துக்குத்தான் ஸ்லிங் என்று பெயர். அவருக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். லேத் மிஷினில் நின்று வேலை பார்த்து, பிறகு தொழிற்பேட்டையில் சொந்தமாகக் கொட்டகை போட்டவர். யாரைப் பார்த்தாலும் நைனா என்பார். என்னையும்தான். கடலோரத்துப் பெரிய கம்பெனி ஒன்றின் சப்ளையர் பட்டியலில் இடம் பிடிக்க இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தார். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கொட்டகையில் இருக்கும் பதினோரு பேருக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும். ஏறாவிட்டால் மாதத்தில் பாதி நாள் மிஷின் சும்மா கிடக்கும், வழக்கம்போல.

"நைனா, அவுங்க வெப்சைட்டெல்லாம் பாப்பாங்களாம். நம்மளது பழசா கீது. நல்லா பெருசா எழுதிப் போடு" என்றார்.

நான் பொட்டு ஒட்டிய லேப்டாப்பைத் திறந்தேன். கம்பெனி பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஸ்லிங் என்றுகூடச் சொல்லவில்லை, மோப்பம் பிடித்துவிடுமே. 'ஒரு தொழிற்சாலை. பளு தூக்கச் சாமான் செய்கிறது. பெரிதாக எழுது' என்று மட்டும் தட்டினேன். மூச்சு விடுவதற்குள் ஒரு பக்கம் வந்து விழுந்தது. வளாகத்துக்குள்ளேயே உலகத்தரப் பரிசோதனைக்கூடம். அனுபவம் மிக்க பொறியாளர் படை. நாள் முழுதும் விழித்திருக்கும் சேவை மையம். படிக்கப் படிக்க எனக்கே அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும் போல இருந்தது.

மனைவியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "இங்கிலீஷ் நல்லாத்தான் கீது. ஆனா இது யாரப் பத்தி?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். முதலாளிக்கு அனுப்பினேன். அவருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். "பெருசா கீதா? அப்ப போட்ரு நைனா." போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை. நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. முதலாளியின் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"நைனா, நம்மகிட்ட ஒரு லேப் கீதாமே. எங்க கீது?"

"எந்த லேப் சார்?" என்றேன்.

"பெரிய கம்பெனிலேந்து திங்கக்கெழம ஆடிட்டுக்கு வராங்க. நம்ம வெப்சைட்ட பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்க. ஒவ்வொரு வரியா காட்டணுமாம். லேபுலேந்து ஆரம்பிக்கலாம்னு அந்தம்மா போன்ல சொல்லுது."

ஆடிட் என்றால் கணக்கு பார்ப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெரிய கம்பெனிகளின் தர ஆடிட் வேறு மாதிரி. நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதைத் தாளில் அச்சடித்து எடுத்து வருவார்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பொருளைக் காட்ட வேண்டும். காட்டினால் டிக். காட்டாவிட்டால் வட்டம். வட்டம் விழுந்த கம்பெனி மறுபடி விண்ணப்பிக்கவே ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆக, என் பக்கத்தை ஒரு மனிதப் பிறவி படித்தேவிட்டது. அதுவும் பேனாவோடு.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் பழைய ஸ்டிக்கர் கடைக்கு ஓடினேன். நீல வினைலில் 'தரப் பரிசோதனைக்கூடம்' என்று இங்கிலீஷில் எழுத்து வெட்டினேன். அந்தப் பதற்றத்திலும் எழுத்து அழகாக வந்ததில் ஒரு சின்னப் பெருமை. அதைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு, வெங்கல், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று ஒரே ஓட்டமாகக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன். கொட்டகையின் கோடியில் மூடிய கதவோடு ஓர் அறை இருப்பது வாசலில் இருந்தே தெரியும். அந்தக் கதவில் அளவு பார்த்துப் பிடித்தேன்.

பின்னால் ஒரு குரல். "இன்னாணா ஒட்டுறீங்க?"

ஸ்லிங்குகளைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் பெண் அவர். நீல ஓவர்கோட், கையில் ஒரு ரெஜிஸ்டர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைத் திறந்துகாட்டினார். நீள மேசை. அதன்மேல் வரிசையாகப் பதினோரு டிபன் பாக்ஸ்.

"இங்கதாண்ணா நாங்க சாப்புடறோம். லேபுல தயிர் சாதம் இருந்தா பரவால்லியா?"

பிரஸ் மிஷினில் வேலை செய்தவர்கள் அதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். என் கையில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு ஒட்டியது, மாடிப்படியில் பேசியது, காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில் அதனிடம் ஒன்றுமே சொல்லாமல் எழுதச் சொன்னது. ஒன்றும் சொல்லாதவனுக்கு அது தானாக ஒரு தொழிற்சாலையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது, வேறென்ன செய்யும்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஆறு வருஷமா வந்துகினு போயிகினு கீற. ஆபீஸ் ரூம்ல டீ குடிக்கிற, போற. ஒரு தபாவாச்சும் உள்ள வந்து பாத்துருக்கியா நைனா?"

இல்லை. அன்றுதான் முதல் தடவை, அதுவும் பொய்ப் போர்டு ஒட்ட.

வெள்ளிக்கிழமை முழுக்க உள்ளேயே இருந்தேன். அந்தப் பெண் கூடவே வந்து காட்டினார். கம்பியை மடித்துக் கண் போல வளைத்து, அலுமினிய வளையத்தை மாட்டிப் பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு நம்பர் அடிக்கிறார்கள். அந்த நம்பர் ரெஜிஸ்டரில் ஏறுகிறது. பிறகு எல்லா ஸ்லிங்கையும் தள்ளுவண்டியில் ஏற்றி, பின் தெருவில் இருக்கும் ஒரு சோதனை நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். தாங்க வேண்டிய பளுவைப் போல் இரண்டு மடங்கு இழுத்துப் பார்த்துச் சான்றிதழ் தருவது அங்கேதான். சாம்பிளுக்கு ஒன்று இரண்டு என்றில்லாமல் எல்லாமே போகிறது. நான் என் நோட்டில் கிறுக்கிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை லேப்டாப்பைத் திறந்து, முதல் தடவையாகக் கம்பெனியின் பெயரை முழுசாகத் தட்டினேன். பொட்டு ஒட்டிய கேமராவை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. நோட்டில் இருந்த அத்தனையையும் கொட்டினேன். அது எழுதிக் கொடுத்தது. இரண்டாவது வரியிலேயே 'உலகத்தரம்' என்று ஆரம்பித்தது. அடித்தேன். 'ஒப்பற்ற' என்றது. அதையும் அடித்தேன். ஜவுளிக்கடை வாசலில் நின்று கூப்பிடுகிற ஆளைப் போல, விட்டால் கையைப் பிடித்து இழுக்கும் போலிருந்தது. கடைசியில், 'நீ எழுதாதே. ஆடிட்டுக்கு வருகிறவர் என்ன கேட்பாரோ அதை என்னிடம் கேள்' என்றேன்.

கேட்டது. எட்டோ பத்தோ கேள்வி. பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது. ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லாதது: சோதனையில் தோற்கும் ஸ்லிங்கை என்ன செய்கிறீர்கள்?

இன்ஸ்பெக்டர் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"ஃபெயில் ஆனா வெட்டிருவோம்ணா. அன்னிக்கே. ரெண்டா வெட்டி செவப்பு பெயிண்ட் அடிச்சி ஓரமா போட்ருவோம்."

"ஏம்மா, வளையத்த மாத்தி மறுபடி அழுத்தக் கூடாதா?"

"அதுக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்கண்ணா" என்றார்.

அந்த வரியை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். முழுப் பக்கமும் பன்னிரண்டு வரிதான் வந்தது. 'எங்களுக்குச் சொந்தப் பரிசோதனைக்கூடம் இல்லை' என்பது நான்காவது வரி. கீழே சோதனை நிலையம் எங்கே இருக்கிறது, நம்பர் எங்கே அடிக்கப்படுகிறது என்பதெல்லாம். ஏஐ இலக்கணத்தைச் சரிபார்த்தது. மனைவி அதைச் சரிபார்த்தாள். "இப்ப யாருன்னு தெரியுது" என்றாள். இருபது வருடத்தில் என் எழுத்துக்கு அவள் போட்ட முதல் பாஸ் மார்க்.

முதலாளிக்குத்தான் மனசே இல்லை. "இல்லன்னு சொல்லி யாராச்சும் வெப்சைட் போடுவானா நைனா? எதிர்க் கம்பெனிக்காரன் சிரிப்பான்."

"சார், இருக்குன்னு போட்டு நம்ம ஆளுங்களே சிரிச்சிட்டாங்க."

"இன்னா பேஜாரு. போடு" என்றார்.

திங்கட்கிழமை வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். சொந்தமாக சேஃப்டி ஷூ கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். கையில் பழைய பக்கத்தின் அச்சுப்படி. அவர் பேனாவைத் திறப்பதற்கு முன்பே முதலாளி புதிய பக்கத்தை நீட்டினார். "மேடம், அது தப்பு. இதுதான் நாங்க."

அவர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இதை யார் எழுதியது?"

முதலாளி என்னைக் காட்டினார்.

"அதை?"

மறுபடி என்னையே காட்டினார். எனக்கு அந்த டிபன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று இருந்தது.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பழைய தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதியதைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் போனார். நம்பரைக் காட்டச் சொல்லி, அதே நம்பரை ரெஜிஸ்டரில் தேடச் சொன்னார். இருந்தது. நான்காவது வரிக்கு வெயிலில் நடந்தே பின் தெருவுக்குப் போய் சோதனை நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வெட்டிப் போட்டது எங்கே என்று கேட்டபோது, இன்ஸ்பெக்டர் பெண் சிவப்படித்த துண்டுகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டார். ஆடிட்டர் குனிந்து ஒன்றை எடுத்து, வெட்டிய முனையை விரலால் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு வரியையும் முடிக்க மதியம் தாண்டிவிட்டது.

நான் அந்த நேரம் முழுக்கத் தள்ளி நின்று, நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு பொருள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வெப்சைட் செய்திருக்கிறேன். இப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பதினோரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. சின்ன அளவு ஸ்லிங்குகளுக்கு மட்டும் அனுமதி. பெரிய அளவுக்குச் சொந்தச் சோதனை மேடை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், அது இன்னும் இல்லை. அடுத்த மாதம் முதல் லோடு ஒரு மினி லாரியில் ஏறிக் கடலோரத்துக் காட்டுப்பள்ளியில் இருக்கும் அந்தப் பெரிய கம்பெனிக்குப் போனது.