பின்னறையில் கிடந்த மா

லூர்த்தம்மாவுக்கு அந்தக் கிழமை இருப்புக் கொள்ளவில்லை. குருநகரில் அவளுடைய கடை வாசலில் ஆள் வந்து நின்றாலே பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கோதுமை மா கேட்பார்கள். முடிந்துவிட்டது என்று பொய் சொல்லவேண்டும். பின்னறையில் நாலு மூட்டை கிடந்தது.

அவள் ஒன்றும் பேராசைக்காரி இல்லை. சண்டைக்காலத்தில் சாமான் வராத தடையில், சின்னப்பிள்ளையாக, வெறும் வயிற்றோடு படுத்தவள். நாட்டில் டொலர் இல்லை, மாக் கப்பல் வராது என்று செய்தி வந்ததும் அந்தப் பயம் திரும்பப் பிடித்துக்கொண்டது. ஆனால் நாளாக நாளாக, விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. அதுதான் அவளைப் போட்டு உலைத்தது.

பக்கத்து வீட்டு ஜெசிதா இடியப்பம் அவித்து நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். தினமும் வந்து கேட்டாள்.

"மா வந்ததோ அக்கா?"

"இல்லையடி. வந்தால் உனக்குத்தான் முதல்."

சொல்லிவிட்டு லூர்த்தம்மா உள்ளே போய் மூட்டைகளைத் தொட்டுப் பார்ப்பாள். வெளியே வருவாள். திரும்பவும் போவாள். கணவன் நீக்கிலாப்பிள்ளையும் தன் பங்குக்கு, மீன்பிடிப் படகுக்கென்று வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயைப் பிளாஸ்டிக் கான்களில் நிரப்பி அதே அறையில் அடுக்கியிருந்தார்.

மா இல்லாமல் ஜெசிதாவின் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்ட அன்று லூர்த்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூட்டையை இழுத்து வந்து, "இண்டைக்குத்தான் லொறி வந்தது" என்று பழைய விலைக்கே கொடுத்தாள். அன்றுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் ஜெசிதா இடியப்பப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"ரவுணிலை கடைக்காரர் ஒருத்தரும் எடுக்கேல்லை அக்கா. மண்ணெண்ணெய் மணக்குதாம். இனி வரவேண்டாம் எண்டிட்டினம். எனக்கும் அவிக்கேக்கை மணத்தது. அடுப்பு மூட்டின எண்ணெய் எண்டு நினைச்சன்."

லூர்த்தம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. படகுக்காரர் வீட்டில் உடுப்பும் தலையணையும் அந்த மணம்தான். அவள் மூக்குக்கு அது எப்போதோ பழகிவிட்டது.

"லொறியிலை பட்டிருக்கும்."

"ஒரு நாளிலை இவ்வளவு ஊறாதக்கா." ஜெசிதா அவளையே பார்த்தாள். "வேறை மா இருக்கோ?"

லூர்த்தம்மா பின்னறையைத் திறந்துவிட்டாள். ஜெசிதா கான்களைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவிழ்த்து முகர்ந்தாள்.

"எல்லாம் போச்சு அக்கா. ஒண்டும் உதவாது."

ஜெசிதா அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள். ஏமாற்றியவளை ஒரு வார்த்தை திட்டவில்லை, மாவுக்காக அழுதாள். அவள் செருப்பால் அடித்திருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது லூர்த்தம்மாவுக்கு.