ஏழாவது மடு

என் மகள் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, அந்த சின்யோரா, பழைய கடதாசிகளைக் கழித்தபோது ஒரு வரைபடத்தை எனக்கென்று கொடுத்துவிட்டார். ஏதோ தூரத்து நாடு. எரிமலைக் கல் நிறைந்த வறண்ட மலைத்தொடர். மாடு மேய்க்கும் நிலமாம். நாங்கள் இப்போது குடியிருக்கும் போர்கோ வெக்கியோவில், மூன்றாம் மாடியில், சமையலறை மேசைமேல் விரித்து எண்ணினேன். அவ்வளவு பெரிய தாளில் தண்ணீர்க் குறி மூன்றே மூன்று. மாடுகள் எங்கே குடிக்கும் என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மகள் சிரித்தாள்.

வன்னியில் எங்களுக்கு ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. எங்கள் ஆட்கள் மாட்டை எண்ணிச் சொல்வதில்லை. எண்ணினால் குறைந்துவிடும் என்று பயம். எட்டு வயதில் எண்ணும் பைத்தியம் பிடித்திருந்த நான், மாட்டை விட்டு மற்றதையெல்லாம் எண்ணினேன்.

அந்தக் கோடையில் நில அளவையாளர் ஒருவர் சங்கிலியோடும் நான்கு ஆட்களோடும் மேய்ச்சல் தரையை வரைய வந்தார். தண்ணீர் நிற்கும் மடுக்கள் எத்தனை என்று அப்பாவிடம் கேட்டார். ஆறு என்றார் அப்பா.

“ஏழு ஐயா,” என்றேன் நான். “பாலைமரங்களுக்குப் பின்னாலை ஒண்டு கிடக்கு.”

“நீர் பெரிய கணக்கன் போல,” என்றார் அளவையாளர்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஆவணியில் மற்ற ஆறும் வறண்டு வெடித்துவிடும். ஏழாவது மடுவும் தாளில் ஏறினால் யாராவது அந்தக் காணியைக் கேட்டு வருவார்கள், மாடுகள் செத்துப்போகும் என்பது அவர் பயம். நானோ முன்னால் நடந்து வழிகாட்டினேன்.

அளவையாளர் மடுவில் முகம் கழுவினார். கோடையில் வற்றுமா என்று அப்பாவைக் கேட்டார்.

“இது ஒண்டுதான் வத்தாது ஐயா.”

“அப்ப இதை நம்பித்தான் நிக்கிறியள்?”

“ஓம் ஐயா.”

அவர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

அப்பா அடிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு பத்து மாதம், தெரியாத சைக்கிள் ஒன்று ஒழுங்கையில் வந்தாலே எழுந்து நின்றார்.

பிறகு ஊர் அதிகாரியான விதானையார் வீட்டுக்கு வரைபடம் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. என்னைக் கூட்டிப்போய் நீலப் புள்ளிகளை எண்ணச் சொன்னார். ஆறு. மறுபடி எண்ணச் சொன்னார். மூன்றாம் தரமும் ஆறுதான். அப்பா வாங்கில் தொப்பென்று உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு இரண்டு செம்பு குடித்தார். திரும்பும் வழியில், அவ்வளவு வளர்ந்த என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது.

“அந்த ஐயாவுக்கு எண்ணத் தெரியாது அப்பா. கொண்டுபோய்க் காட்டியும் ஒண்டை விட்டிட்டார்.”

“ஓம் ராசா, தெரியாதுதான்,” என்றார் அப்பா.

பல வருடம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.