கப்பல் ஏறும் வரைக்கும் பாடிய சிந்து

ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் பகுதியைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். அன்று காலையில்தான் என் அறைக்கூட்டாளியை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். வந்த குடியேற்ற அதிகாரி, திங்கட்கிழமை பாஸ்போர்ட்டுடன் வரும்படி என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். சரக்குக் கப்பலிலிருந்து இறங்கி அப்படியே தங்கிவிட்டவன் நான். காட்ட ஒன்றும் இல்லை.

என் அறைக்கூட்டாளி பிஜிக்காரர். தாத்தா காலத்தில் கரும்பு வெட்டப் போன தமிழ்க் குடும்பம். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு விசிட்டர் விசாவில் ஆக்லாந்து வந்தார். எப்படியாவது இங்கே தங்கி, மனைவியையும் மகளையும் வரவழைக்க வேண்டும். வேறு நினைப்பே அவருக்கு இல்லை.

ஊரில் வாரச்சந்தைகளிலும் ரயிலிலும் சிந்துப் புத்தகம் விற்றவன் நான் என்று அவரிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். மட்டக் காகிதத்தில் அச்சடித்த பாட்டுக் கதைகள். நன்றாக விற்றது ஒரு அந்தமான் சிந்து. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியவனைத் தீவாந்தரம் அனுப்புகிற கதை. கடற்கரையில் பெண்டாட்டி நிற்பாள்.

‘கப்பல் நகருதடி கண்ணே, கரைமட்டும் நிக்குதடி.’

அந்த அடியோடு நிறுத்திவிட வேண்டும். மிச்சம் வேண்டுமென்றால் புத்தகத்தை வாங்கட்டும். அதுதான் வியாபாரம். என்னை வேலைக்கு வைத்திருந்தவர் அதுவரைக்கும்தான் பாடக் கற்றுக்கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு மிச்சத்தைப் படிக்கும் பொறுமை இருந்ததில்லை.

"அப்புறம் திரும்பி வந்தானா, தம்பி?" உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார்.

"தெரியாது அண்ணே. புஸ்தகத்துல இருக்கும்."

"வித்தவனுக்கே தெரியாதா? நல்ல ஏவாரி நீ!"

அப்போது இருவரும் சிரித்தோம். விசாவை நீட்டிக்க முடியாது என்று பதில் வந்த பிறகும் அவர் கேட்பதை விடவில்லை. ஆனால் சிரிப்பு போய்விட்டது. வக்கீலைப் பார்த்தார். கோயில் நடத்துகிறவர்களைப் பார்த்தார். எல்லோரும் டீ கொடுத்தார்கள்.

அன்று காலையில் வாசலில் வேன் நின்றது. ஷூ கயிற்றைக் கட்டியபடி, "முடிவைப் பாடு தம்பி" என்றார். வேறு எதுவும் என்னால் செய்ய முடியாது. அதனால் நானே கட்டிப் பாடினேன்: அவன் விடுதலையாகி வருகிறான், அவள் துறைமுகத்தில் காத்திருக்கிறாள்.

அவர் தலையை ஆட்டினார். "இது நீ கட்டினது. ராகத்துல ஒக்காரவே இல்லியே."

"ஆமா அண்ணே."

"பரவால்ல. கொரல் நல்லாருக்கு."

வேனில் ஏறியவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் கை காட்டினேனா என்பது நினைவில்லை.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இரவு ஒரு பஸ் நிறுத்தக் கூரைக்கடியில் படுத்தேன். மறுநாள் காலை விரி என்கிற தொழிற்பேட்டைப் பகுதியில், ஆள் தேவை என்று பலகை தொங்கிய ஒரு கிடங்கில் கேட்டேன். மேஸ்திரி என் தோளைப் பார்த்தாரே தவிர, காகிதம் எதுவும் கேட்கவில்லை. தீவுகளுக்குப் போகிற கண்டெய்னர்களில் மாவு மூட்டை அடுக்கும் வேலை. சில மூட்டைகளில் சூவா என்று எழுதியிருந்தது; பிஜியில் இருக்கிற துறைமுகம். நிரம்பியதும் நாங்கள் இறங்கிவிட வேண்டும், கதவைப் பூட்ட வேறு ஆள் வருவான் என்றார் மேஸ்திரி. சரி என்று முதல் மூட்டையைத் தூக்கினேன்.