திருவாதவூர் எரிமலையும் தாய்மாமன் சீரும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை எரிமலை பார்க்கப் போனேன். வெளிநாடெல்லாம் இல்லை, திருவாதவூருக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் பாண்டியம்மாளின் மகள் செல்விக்கு வளைகாப்பு. என் வீட்டுக்காரர்தான் அவளுக்குத் தாய்மாமன். இருந்திருந்தால் சேலையும் வளையலும் தட்டில் வைத்து அவரே கொண்டுபோயிருப்பார். அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்தச் சீரை நான்தான் கொண்டுபோக வேண்டும். கிளம்பத் துணிவில்லாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாண்டியம்மாள் போனில் அழுதாள்.

"அண்ணி, வீட்டுக்குப் பின்னாடி எரிமலை வந்துருச்சு. மண்ணுக்குள்ள இருந்து குழம்பு கொப்புளிக்குது. சம்பந்தியம்மா செல்விய அனுப்ப மாட்டேங்கிறாக."

செல்வி மேலூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அவள் வராமல் வளைகாப்பு ஏது? "காலைல வாரேன், அழாம இரு" என்றேன்.

சேலையையும் வளையலையும் பையில் எடுத்துக்கொண்டு, ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணி போய் மல்லிகை வாங்கிக்கொண்டு, எட்டே காலுக்குத் திருவாதவூர் பஸ் ஏறினேன். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஒத்தக்கடை வழியாக முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அது எப்போதும் அவர் பிடிக்கிற இடம். யானைமலை தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஊர் வந்ததும் கண்டக்டர் விசில் ஊதி, "எரிமலை எல்லாம் எறங்கு!" என்றார். பாதி பஸ் இறங்கியது.

"அண்ணே, திரும்பிப் போக எப்ப பஸ்?"

"எரிமலை விட்டுச்சுன்னா பதினொன்றரைக்கு வாரேன்க்கா."

பாண்டியம்மாள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கரண்ட் கம்பம். அதன் அடியில் மண் உருகி, கறுப்பாகக் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, தேங்காயும் உடைத்திருந்தார்கள். பக்கத்தில் சுண்டல் வண்டி வேறு.

கனிமத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். கம்பத்துப் பீங்கான் உடைந்து, கரண்ட் மண்ணில் இறங்கி, அந்தச் சூட்டில் மண்ணும் கல்லும் உருகியிருக்கிறது என்றார். லைனை ராத்திரியே நிறுத்திவிட்டார்களாம்.

"அப்ப நிஜ எரிமலை எப்படிம்மா வரும்?" என்று கேட்டேன். நான் ஐந்தாம் வகுப்புதான். எனக்கே புரிகிற மாதிரி சொன்னார். பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறையே உருகிக் குழம்பாகிறது. சுற்றியுள்ள பாறையைவிட லேசு என்பதால் பிளவு வழியே மேலே ஏறுகிறது. அதற்குள் அடைபட்ட ஆவி, மூடிய குக்கர் போல முட்டி ஒருநாள் வெடிக்கிறது. ஓடிவரும் குழம்பிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடலாமாம். அனலாக இறங்கும் சாம்பல் மேகத்திலிருந்துதான் தப்ப முடியாது. சாம்பல் பாரத்தில் கூரை இடியும். மழை பெய்தால் சேறாகி ஊரையே மூடும்.

"நம்ம யானைமலை வெடிக்குமா மேடம்?" என்றார் சுண்டல்காரர்.

"அது கெட்டிப் பாறைண்ணே. நீங்க சுண்டல வேக வைங்க."

உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குழம்பு ஆறிருச்சா?" என்று கேட்டார்.

"ஆறிருச்சு சம்பந்தியம்மா. கரண்டுல வெந்த மண்ணு அது. நாளைக்கு இங்க கத்திரிக்காக் குழம்புதான்."

"நீங்க சமாதானத்துக்குச் சொல்லுவீக. அந்த ஆபீசரம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். அதிகாரி சிரித்துக்கொண்டே, "தைரியமா கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். பாண்டியம்மாள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பதினொன்றரை பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு வேன் வந்தது. சம்பந்தியம்மா இறங்கியதும், "எங்க அந்த எரிமலை?" என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரியை நாற்காலியில் தனியாக விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் கம்பத்தடிக்குப் போட்டோ எடுக்க ஓடியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

வளையல் போடும் நேரம் வந்தபோது, தாலியில்லாதவள் முன்னால் வரக் கூடாதென்று நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். "தாய்மாமன் வளையல் இல்லாம ஆரம்பிக்க மாட்டேன்" என்று சம்பந்தியம்மா சத்தம் போட்டார். செல்வி கையை நீட்டி, "அத்தை, மாமா போட்டா வலிக்காம போடுவாரு, நீங்க எப்படி?" என்றாள். வலிக்காமல்தான் போட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: கருகிய கல்லைப் பரிசோதனைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சிவன் கோயில் இருக்கிறது, பார்க்கலாம். உங்கள் ஊரில் கம்பத்தடியில் புகைந்தால் தேங்காய் உடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நிஜ எரிமலை ஊருக்குப் போனால், கிளம்பச் சொன்னதும் கிளம்பிவிடுங்கள். மற்றபடி, கூப்பிட்ட வீட்டுக்குப் போய்விடுங்கள். நான் போகாமல் இருந்திருந்தால் அந்த வளையல் என் பீரோவிலேயே இருந்திருக்கும்.